ஐம்பதுக்கு மேல் முகம்

கன்னத்தில் கை வைத்ததும் வயது தெரிந்துவிடும். நாலைந்து வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு; விரலிடம் அது செல்லாது. இருபத்தைந்து வயதுக் கன்னத்தில் க்ரீம் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டே போகும். ஐம்பத்தைந்தில் அதே க்ரீம் இரண்டு சுற்றில் காணாமல் போய்விடும், தோல் குடித்துவிடும். மூன்றாவது சுற்றில் தோலும் விரலோடு சேர்ந்து நகரத் தொடங்கும். அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தவள்தான் வயதானவர்களுக்கு வேலை செய்ய லாயக்கு.

நான் தொழில் கற்ற தொண்ணூறுகளில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. திருச்சியில் அப்போது பார்லர் என்றாலே கல்யாணப் பெண். பாடம் முழுக்க அவளை வைத்துத்தான். எண்ணெய்ப் பசையை எடுப்பது, ஆவி காட்டி மூக்கின் கரும்புள்ளியை எடுப்பது, ஸ்க்ரப் போட்டு இறந்த செல்லை எடுப்பது, ப்ளீச் போட்டுப் பூனைமுடியின் கறுப்பை எடுப்பது, கடைசியில் காய்ந்த பேக்கை உரித்து எடுப்பது. எல்லாமே எடுக்கிற வேலை. எடுப்பதற்கு ஏதாவது இருக்கிற தோலுக்கு அது சரி.

ஸ்ரீரங்கத்தில் கடை போட்ட பிறகு வந்தவர்கள் வேறு ரகம். பணி ஓய்வு பெற்ற டீச்சர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற மாமிகள். பாதிப் பேர் அதுவரை பார்லர் வாசலை மிதித்ததில்லை. முதல்முறை வந்ததே பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்துக்காக. கணவருக்கு அறுபது என்றால் இவர்களுக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து இருக்கும். மறுபடி மாலை, மறுபடி மணையில் உட்கார வேண்டும், இந்தத் தடவை வீடியோ வேறு. "நாளன்னிக்கு முகூர்த்தம், கோல்டு ஃபேஷியல் பண்ணிவிடேன்" என்று வந்து நிற்பார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருகிற வருமானத்தை விடுகிறாளே என்று பக்கத்துக் கடைக்காரிக்கு ஆச்சரியம்.

காரணம் எளிது. இளம் தோல் தன் மேல் அடுக்கை ஏறக்குறைய நாலு வாரத்தில் புதுப்பித்துக்கொள்கிறது. வயதான தோலுக்கு ஆறு வாரம், அதற்கு மேலும் ஆகும். இன்று தேய்த்துச் சிவக்க வைத்தால் நாளை மறுநாள் அது ஆறியிருக்காது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு இரண்டு சதவீதம் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் ஓய்ந்துவிடும். நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும். குளியல் சோப்போ ஒன்பது, பத்து. சோப்புப் போட்ட பின் இளம் தோல் சீக்கிரம் தன் நிலைக்குத் திரும்பிவிடுகிறது, வயதான தோல் தடுமாறுகிறது. வறட்சி, அரிப்பு, முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கிற உணர்ச்சி எல்லாம் இதனால்தான்.

நம் நிறத்துக்கு இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்குச் சுருக்கம் முந்தும். நமக்குக் கறுப்பு முந்தும். அதனால் நம்மவர்கள் வயதைச் சுருக்கத்தில் பார்ப்பதில்லை, மங்கில் பார்க்கிறார்கள். பார்த்ததும் தேய்க்கிறார்கள். பீர்க்கங்கூடு, நைலான் நார், கரகரப்பான ஸ்க்ரப், எது கைக்குக் கிடைக்கிறதோ அது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கூடும். தோளெலும்பு துருத்தி நிற்கிற இடத்தில் நார் போட்டுத் தேய்த்தே கறுத்துப்போன மாமிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாரைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அவர்களுக்கு நான் கொடுத்த முதல் சிகிச்சை. அதற்குக் காசு வாங்க முடியாது.

வாரக் கணக்கில் ஒரு முறை வைத்துக்கொள்ளும் யோசனை என்னுடையது இல்லை, அவர்கள் வீட்டிலேயே இருந்தது. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல். தினமும் காலை ஏழு, இரவு ஐந்து என்று புட்டிகளை வரிசையாக அடுக்கினால் இந்த வயதில் யாரும் செய்யமாட்டார்கள். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால்சியம் மாத்திரையே போதும் போதும் என்றிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமையை யாரும் மறப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தலைக்கு எடுக்கிற நல்லெண்ணெயிலேயே அரை ஸ்பூன் முகத்துக்கும் கழுத்துக்கும். கை பொறுக்கிற சூடு போதும், அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து எடுத்தால் சரி. கண்ணைச் சுற்றி மோதிர விரல்தான். அதற்குத்தான் அழுத்தம் குறைவு. தேய்ப்பதில்லை, ஒற்றி ஒற்றி விடுவது. மேல்நோக்கித் தடவினால் தொங்குகிற கன்னம் ஏறிவிடும் என்று சொல்லித்தான் எங்கள் தொழில் பாதி ஓடுகிறது. ஏறாது. காலையில் வீங்கியிருக்கிற முகம் கொஞ்சம் வடியும், ரத்த ஓட்டத்தில் ஒரு மினுக்கம் வரும், சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விடும். எண்ணெயின் வேலை ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பது. அந்த மட்டில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சூரியகாந்தியோ போதும். ஆலிவ் எண்ணெயை விலை கொடுத்து வாங்கித் தடவுகிறவர்களைத் தடுத்துவிடுவேன். அது தோலின் மேல் காப்பைத் தளர்த்துவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. கடுகெண்ணெயும் அப்படியே. எந்த எண்ணெயும் கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம்.

எண்ணெயை எடுக்கச் சோப்பு கூடாது, பயத்தமாவு. இங்கேதான் என் பிடிவாதம். மிஷினில் அரைத்து வந்ததை அப்படியே போட்டால் அது மாவு இல்லை, மணல். சித்த மருந்துக் கடைக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்களே, துணியில் சலிப்பது, அப்படிச் சலித்த பயத்தமாவு இரண்டு ஸ்பூன். அதைக் கெட்டித் தயிரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கூழாக்கிப் பூசி, தேய்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம், மிகக் கொஞ்சம். அமெரிக்காவில் வேன் ஸ்காட்டும் யூவும் 1974-இல் இந்த வகை அமிலங்கள் செதில் செதிலாக உரிகிற தோலைச் சரிசெய்வதை எழுதினார்கள். இன்று விற்கிற அமில சீரம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தயிர் அந்த அளவுக்கு வேலை செய்யாது. இந்த வயதுக்கு அந்த அளவு வேண்டியதும் இல்லை. எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அமிலம் கடுமை, போதாக்குறைக்கு வெயில் பட்டால் தோலைக் கறுக்கவைக்கிற பொருள் அந்த இனத்தில் உண்டு.

குளியல் பொடியில் பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைப்பது இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. மாமியாரிடமிருந்து வந்த கணக்கில் கை வைத்தால் சண்டை வரும். நான் ஒன்றை மட்டும் விலக்கச் சொல்வேன்: கார்போகரிசி. கெட்டது என்று இல்லை, வீரியமானது. அதில் சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்காரர்களுக்கு அதைக் கொடுத்து வெயில் காட்டுவது பழைய வைத்தியம். நிறமி ஏற வேண்டும் என்பதற்காகவே செய்வது. மங்கு போக வேண்டும் என்று வந்தவர் அதைப் பூசிக்கொண்டு உத்திர வீதியில் வெயிலில் நடந்தால் என்ன ஆகும்? அதே விதையிலிருந்து பகூச்சியால் என்ற பொருளைப் பிரித்தெடுத்து இன்று உலகம் முழுக்க முதுமைக்கான சீரத்தில் சேர்க்கிறார்கள். 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் அதை ரெட்டினாலோடு ஒப்பிட்ட ஒரு சிறிய ஆய்வு வந்தது; பன்னிரண்டு வாரத்தில் பலன் ஏறக்குறையச் சமம், எரிச்சல் குறைவு. பிரித்தெடுத்த சரக்கு வேறு, அம்மியில் அரைத்த விதை வேறு. இதைச் சொன்னால், "எங்காத்துல நாலு தலைமுறையா போடறோம்" என்று பதில் வரும். போடுங்கள் மாமி, உடம்புக்குப் போடுங்கள், முகத்துக்கு வேண்டாம் என்று சமாதானம் ஆகிவிடுவேன்.

முல்தானி மட்டி காய்ந்து வெடிக்கிறவரை உட்காருவதும் இளம் வயதோடு முடிந்துவிட வேண்டியது. எண்ணெய் வழிகிற தோலுக்கு அது உதவும். ஐம்பதுக்கு மேல் அது இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும்.

குளித்து வந்து துண்டால் ஒற்றியதும், தோலில் ஈரம் இருக்கும்போதே க்ரீம். தலை துவட்டி, புடவை கட்டி, சாமி விளக்கேற்றி, அப்புறம் என்றால் ஈரம் போய்விட்டிருக்கும். எந்த க்ரீம் என்று கேட்பார்கள். கிளிசரின் சேர்ந்த, வாசனை இல்லாத எதுவானாலும் சரி. உதடு, முழங்கை, குதிகாலுக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி. ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பழைய சரக்கைத் தோலின் ஈரத்தைப் பூட்டுவதில் இன்றுவரை எதுவும் வெல்லவில்லை. விலை குறைவு என்பதாலேயே அதன்மேல் யாருக்கும் மரியாதை இல்லை.

மற்ற நாள் காலைகளில் முகத்துக்குத் தண்ணீர் மட்டும். அதன்மேல் க்ரீம், அதன்மேல் சன்ஸ்க்ரீன். இந்தக் கடைசியைப் பழக்கத்தான் நான் அதிகம் மன்றாடியிருக்கிறேன். "நான் எங்கேடி வெயில்ல போறேன்?" என்பார்கள். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம், எட்டு மணிக்குக் கோயில், பத்து மணிக்குக் காய்கறி, மத்தியானம் ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டுப் பத்திரிகை. தோலை முதுமைப்படுத்துகிற புற ஊதா ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நாம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை தினமும் சன்ஸ்க்ரீன் போடச் சொன்னவர்களையும், தோன்றினால் போட்டவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது: தினமும் போட்டவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அவர்கள் ஐம்பத்தைந்துக்கு உட்பட்ட வெள்ளைக்காரர்கள். நமக்கு அதன் பலன் சுருக்கத்தைவிட மங்கில்தான் முதலில் தெரியும் என்பது என் அனுபவம்.

அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்குக் காணும். எஸ்.பி.எஃப். 30 போதும், தோலைச் சுட்டெரிக்கிற பி கதிரில் 97 சதவீதத்தை அது தடுக்கிறது. நிறம் சேர்ந்தது கிடைத்தால் மங்குக்காரர்களுக்கு நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் மறைக்கும். நிறமில்லாதது முகத்தில் வெளேரென்று நிற்கும். "என்னடி, சைவாள் மாதிரி பட்டை பட்டையா பூசி விட்டுட்டே!" என்று ஒரு மாமி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். திருமண் இட்டுக்கொள்கிற வீடு.

ராத்திரிக்கு வந்தால், வாரத்தில் இரண்டு நாள் ரெட்டினால். ஞாயிறு, புதன் என்று வைத்தேன், வெள்ளிக்கு முன் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும். வைட்டமின் ஏ குடும்பம் இது. அதன் மருந்துக்கடை அண்ணன் ட்ரெட்டினாயின். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் கிளிக்மேன் பருவுக்குக் கொடுத்து வந்தபோது, நடுவயதுப் பெண்கள் சிலர் தோல் மிருதுவாகிவிட்டது என்று சொல்ல, தொடர்ந்து பார்த்து 1986-இல் அதை எழுதினார். சிறைக் கைதிகள்மேல் சோதனை நடத்தியதற்காக இன்றைக்கும் ஏச்சு வாங்குகிற ஆள் அவர். மருந்து என்னவோ நிலைத்துவிட்டது. ட்ரெட்டினாயினை நான் தொடமாட்டேன், அது டாக்டர் எழுத வேண்டியது. ரெட்டினாலை முதல் மாதம் வாரத்துக்கு ஒரு ராத்திரி, அதுவும் முதலில் க்ரீம் தடவி அதன்மேல் பட்டாணி அளவு. கண்ணோரம், வாயோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். மூன்று மாதம் ஆகும் தெரிய. அதுவரை பொறுக்காமல் தினமும் போட்டு முகத்தை உரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மற்ற ராத்திரிகளில் க்ரீம் மட்டும். அவ்வளவுதான் வாரம்.

இது பிடிபட எனக்கு நேரம் ஆகவில்லை. நேரம் எடுத்தது, வருகிறவர்களின் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான். நெற்றியோரம், காதுக்கு முன்னால், கழுத்தின் பக்கவாட்டில் ஒருவிதச் சாம்பல் கலந்த கறுப்பு. ப்ளீச் போடு என்று வருவார்கள். எப்போது டை அடித்தீர்கள் என்று கேட்பேன். தலைச்சாயத்தில் இருக்கிற பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இப்படிக் கறுப்பாகப் படியும். பாக்கெட்டில் இலை படம் போட்டு ஹெர்பல் என்று எழுதியிருந்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பலவற்றில் அது இருக்கும். கறுப்பு மருதாணியிலும் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் நான் யாருக்கும் டை போட்டதில்லை. ப்ளீச்சில் இருக்கிற அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அந்தக் கறுப்பை எடுக்காது, புண்ணான இடத்தை இன்னும் புண்ணாக்கும்.

பொட்டு இடத்தில் வட்டமாக வெளுப்பு என்றால் ஸ்டிக்கர் பசை. அதில் சேர்க்கிற ஒரு ரசாயனம் நிறமிச் செல்லையே அழித்துவிடும். சாந்துக்கு மாறச் சொல்லித் தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். கழுத்தில் வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு என்றால் அது அழுக்கு இல்லை. எந்த ஸ்க்ரப்புக்கும் போகாது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்வேன். பார்த்துவிட்டு, முகத்துக்கு வந்த இடத்தில் சுகர் கண்டுபிடித்துக் கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னவர்களும் உண்டு, கோபித்துக்கொண்டு வராமல் போனவர்களும் உண்டு.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற சின்ன ட்யூப். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஸ்டீராய்டு. வருடக்கணக்கில் போட்டவர் கன்னம் கையில் பட்டாலே தெரியும். காகிதமாக மெலிந்து, நரம்பு ஓடி, தாடையில் முடி வளர்ந்திருக்கும். 2018-இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் கவுண்டர்வரை வந்து சேரவில்லை. அதை நானாக நிறுத்தச் சொல்வதும் இல்லை. சட்டென்று நிறுத்தினால் முகம் கொதித்துவிடும், டாக்டர்தான் படிப்படியாக இறக்க வேண்டும். பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம். 2023-இல் கேரளத்தில் மலப்புரத்துப் பக்கம் அப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அந்தச் செய்தியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன்.

கன்னத்தில் கடுகு கடுகாகக் கறுப்பு மரு வரும் நம் ஆட்களுக்கு, அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும். தீங்கில்லை. அதில் சுண்ணாம்பு வைத்துச் சுட்டுக்கொண்டு வருவார்கள். வடுதான் மிச்சம். ஆனால் ஒரு மாதமாக ஆறாத புண், நிறமோ உருவமோ மாறுகிற மச்சம் என்றால் நான் தொடுவதில்லை.

த்ரெடிங் ஒன்றுதான் எல்லா வயதிலும் கேட்பது. மாதவிடாய் நின்றதும் புருவம் மெலிந்து தாடையில் முரட்டு முடி இரண்டு மூன்று முளைக்கும். நூல் ஓடும்போது தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டும், இளம் பெண்ணிடம் அவளே பிடித்துக்கொள்வாள். வயதானவர் கை நழுவும், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தாடை முடியைக் கத்தரியால் நறுக்கிவிடுவேன். ரெட்டினால் போட்ட வாரத்தில் நூலே கிடையாது.

போன மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு மாமி பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நியூஜெர்ஸியிலிருந்து பெண் அனுப்பியது. உள்ளே வைட்டமின் சி சீரம், நியாசினமைடு, கிளைகாலிக் டோனர், ரெட்டினால், கண்ணுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, பெயர் படிக்க வராத இன்னும் சில. எதை எப்போது போடுவது என்று வாட்ஸாப்பில் பட்டியலும் இருந்தது. ரெட்டினாலையும் ஒரு சாதாரண க்ரீமையும் எடுத்து முன்னால் வைத்தேன். டோனர் அவர் முகத்துக்குக் கடுமை, குதிகால் வெடிப்புச் சொரசொரப்புக்கு உதவும் என்றேன். நியாசினமைடு வேண்டுமானால் ராத்திரி க்ரீமோடு ஒரு சொட்டு, தீர்ந்தால் வாங்க வேண்டாம்.

"மீதியை என்னடி பண்றது? நூறு டாலராம் இது ஒண்ணு."

"பொண்ணு அடுத்த தடவை வரும்போது அவங்களையே போட்டுக்கச் சொல்லுங்க மாமி. அவங்களுக்கு நாப்பது ஆச்சில்ல?"

"அவகிட்ட நீ சொல்லிடு. நான் எல்லாம் போடறேன்னு சொல்லியாச்சு" என்று போனை நீட்டினார்.